உப்புப் பார்த்தவர்

பாயசத்தைச் சோற்றில் பிசைந்து, அப்பளத்தைத் தொட்டுக்கொண்டு, தட்டைக் காலி செய்துவிட்டு "மோர் இருக்கா?" என்று கேட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும். ஆடி வெள்ளிக்கு வைத்த பாயசம். அவசரத்தில் பாத்திரம் மாறிப்போய்க் குழம்பென்று ஊற்றியது அவர் மனைவி. பாதிச் சாப்பாட்டில் அதைக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டதும் மனைவிதான். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன், நல்லாத்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டார்.

கீரமங்கலத்தில் ஓர் இ-சேவை மையத்தில் நான் வேலை பார்த்தபோது அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். சாப்பாடும் கீழே அவர்களோடுதான். அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். முறை பார்த்தால் இது பெரிய அபத்தம். ஆனால் அக்கா வாசலிலேயே "வாம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டதால் அக்கா ஆகிவிட்டார். அவரோ பல நாள் வாயே திறக்கவில்லை. எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அண்ணன் என்று கூப்பிட, அதுவே நின்றுவிட்டது.

நான் கட்டுமாவடிக்காரி. எங்கள் வீட்டில் மீன்குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் போதும், அப்பாவும் சித்தப்பாவும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இது எந்தக் கடைப் புளி, யார் கரைத்தது என்று பஞ்சாயத்து வைத்துவிடுவார்கள். அம்மா பதில் சொல்ல, சித்தி எதிர்ப்பதில் சொல்ல, வீடே ரெண்டுபடும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த எனக்கு, இந்த அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்தால் எரிச்சல் எரிச்சலாக வரும்.

அக்கா லேசுப்பட்ட சமையல்காரர் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு என்று ஊரில் சின்ன விசேஷம் எது நடந்தாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் அக்கா வைக்கிற வெண்டைக்காய் மண்டிக்கு, பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை மடிக்காமல் காத்திருப்பார்கள். ஊரே இப்படிக் கொண்டாட, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் மட்டும் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்த மாட்டார்.

"எப்பிடி இருக்குங்க?"

"ம்."

"உப்பு?"

"ம்."

"வெசத்த வச்சிருக்கேன்."

"ம். மோர் ஊத்து."

அக்கா என்னைப் பார்த்து, "இந்த மனுசனுக்கு நாக்குன்னு ஒண்ணு வச்சு அனுப்புனானா, இல்ல தோலச் சுருட்டி உள்ள திணிச்சு அனுப்பிட்டானா?" என்பார். அதற்கும் ஒரு "ம்" வரும்.

வேனில் வருகிற ஆட்கள் சாப்பிட நல்ல ஹோட்டலாகச் சொல்லச் சொல்லிக் கேட்டால், எல்லாம் நல்ல ஹோட்டல்தான் என்பார். அறந்தாங்கிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பழனிக்குப் போகும் வழியில் அவர் பேச்சை நம்பி ஓரிடத்தில் இறங்கியிருக்கிறது. சட்னி ஊசிப்போயிருந்தது. வேனில் பாதிப் பேர் சாலையோரம் குனிந்து நின்றார்கள். அந்தச் சட்னியை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கியவர் இவர் ஒருவர்தான். ஏதும் ஆகவில்லை. அது அவருக்கே ஆச்சரியம்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "ஏண்ணே, அக்கா எவ்வளவு கஷ்டப்பட்டுச் சமைக்கிறாங்க. நல்லாருக்குன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நான் மாமா வீட்ல வளந்தவன் தாயி. அங்க தட்டுல விழுந்ததப் பாத்துப் பேசுனா, அடுத்த தடவ தட்டு வராது. பேசாம திங்கப் பழகிட்டேன்."

அதற்கப்புறம் அவர் "ம்" போடும்போது எனக்கு எரிச்சல் வரவில்லை. வேறு என்னவோ வந்தது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "எனக்குத் தெரியாதா? ஆனா மாமா வீடு எப்பவோ முடிஞ்சு போச்சே. இது எங்க வீடுல்ல?" என்றார். அதுவும் நியாயம்தான்.

பிறகு கொரோனா வந்தது. அந்த வீட்டில் எங்கள் மூன்று பேருக்குமே காய்ச்சல். எனக்கும் அண்ணனுக்கும் வந்த வழியே போய்விட்டது. அக்காவுக்குக் காய்ச்சல் போனது, வாசனையும் ருசியும் திரும்பவில்லை. இரண்டு வாரத்தில் சரியாகும் என்றார்கள், இரண்டு மாதம் என்றார்கள். வருடமே திரும்பிவிட்டது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டு அக்கா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சோறும் குழம்பும் மெல்லுவதற்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. ருசி தெரியாத சமையல்காரியை யார் கூப்பிடுவார்கள்? கையளவு பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்தார். விசேஷங்கள் மறுபடியும் நடக்கத் தொடங்கியபோது ஒரு காதுகுத்துக்கு ஒத்துக்கொண்டார். அங்கே சாம்பாரில் உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. வாயில் வைத்துப் பார்த்துப் பிரயோசனமில்லை. பாத்திரங்களை இறக்கிவிட்டு நின்றிருந்த அண்ணனைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினார். நாக்கில் விட்டுக்கொண்டு அவர் சொன்னது உங்களுக்கே தெரியும்: "நல்லாத்தான் இருக்கு."

அதில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தது. முதல் பந்தியே பாதியில் எழுந்தது. அந்த வீட்டம்மா எல்லார் முன்னாலும், "இனிமே இந்தக் கை எங்க வீட்டு அடுப்புப் பக்கம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து அண்டாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் முட்டிவலி என்று சொன்னார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் மாடிப்படிக்குக் கீழே ஒரு டம்ளரோடு நின்றார். மிஞ்சிய சாம்பார். ஒரு வாய் குடிப்பதும் யோசிப்பதுமாக இருந்தார்.

"தாயி, இதக் கொஞ்சம் பாரேன். இதுல என்ன தப்பு?"

விரலில் தொட்டு வைத்துப் பார்த்தேன். "அண்ணே, எங்க ஊருக் கடலே தேவல."

அவர் மறுபடியும் ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியலையே தாயி. அவ என்னய நம்பித்தான குடுத்தா" என்றார்.

அதிலிருந்து அவர் போகிற ஊரில் இருந்தெல்லாம் அக்காவின் நாக்கை எழுப்ப ஏதாவது வாங்கிவர ஆரம்பித்தார். காந்தாரி மிளகாய், பழுக்காத எலுமிச்சை, மிளகு, யாரோ சொன்ன ஊறுகாய். அக்கா எல்லாவற்றையும் மென்றுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அப்படித்தான் ஒரு கோடையில், கொடைக்கானல் சவாரி போய்விட்டு வந்தவர் வேன் டேஷ்போர்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் பிரித்தார். விரல் நீளத்துக்கு, முண்டும் முடிச்சுமாக, மஞ்சளில் ஊதாப் புள்ளி வைத்த நாலைந்து கிழங்குகள்.

அவர் தங்கும் லாட்ஜின் தோட்டக்காரர் கொடுத்ததாம். யாரோ வெளிநாட்டுக்காரர் அங்கே நட்டுவிட்டுப் போன கொடி. பெயர் தோட்டக்காரருக்கும் தெரியவில்லை. "பச்சையாக் கடிச்சா, கடுக அரைச்சு மூக்குல ஏத்துன மாதிரி இருக்கும்னான். எல, பூ, கெழங்கு எல்லாத்தையும் திங்கலாமாம்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

நான் கிழங்கைப் படம் பிடித்துச் செல்போனில் தேடிப் பார்த்தேன். தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மலைகளில் விளைவது, மஷுவா என்று பெயர். கூடவே இன்னொரு சேதியும் போட்டிருந்தது: இதை அதிகம் தின்றால் ஆம்பளைகளுக்கு அந்த விஷயத்தில் ஆர்வம் குறைந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அக்காவின் காதில் மட்டும் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கெடக்கட்டும் விடு. அதுக்கும் அந்த மனுசன் ம்முனுதான் சொல்லுவாரு" என்றார். சாம்பார் கதைக்குப் பிறகு அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மலைக்கிழங்கு கீரமங்கலத்துச் சித்திரை வெயிலுக்குத் தாங்குமா? அவசரப்பட்டு நட்ட இரண்டும் முளைத்த வேகத்திலேயே கருகிவிட்டன. மிச்சத்தை அண்ணன் ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில், தக்காளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஐப்பசி மழை பிடித்து மண் குளிர்ந்த பிறகு, சிமெண்ட் சாக்கில் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பி, மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வடக்கு நிழலில் வைத்தார். அதாவது என் அறை வாசலில். மதிய வெயில் படாமல் மேலே ஒரு பழைய சேலை கட்டினார். இந்தத் தடவை கொடி பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டது என்றால் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. இந்தக் கொடிக்குச் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி எல்லாம் கிடையாது. இலைக்காம்பையே வளைத்து எதிலும் சுற்றிக்கொள்ளும். அவர் கட்டிய சணலில் ஏறி, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து, என் துணிக்கொடி வரைக்கும் வந்துவிட்டது. ஒருநாள் என் சுடிதார் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் இழுக்கப் போனால், "பாத்து தாயி, காம்பு ஒடிஞ்சிரும்" என்று அண்ணன் ஓடிவந்து விரலால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். துப்பட்டாவைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

தினமும் காலையில் ஓர் இலை கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். கீழே அக்கா காத்திருந்து கேட்பார், "என்ன ருசி?"

இங்கேதான் மாட்டிக்கொண்டார். சாம்பார் என்றால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித் தப்பிக்கலாம். சாம்பார் எப்படி இருக்குமென்று எல்லாருக்கும் தெரியும். இது அந்த ஊரே கேள்விப்படாத கிழங்கின் இலை. அந்தத் தெருவில் அதைத் தின்றிருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் சொல்லாவிட்டால் அக்காவுக்குத் தெரிய வழியே இல்லை.

"காரமா இருக்கு."

"காரம்னா? மொளகாய்க் காரமா, மொளகுக் காரமா?"

யோசிப்பார். இன்னோர் இலை கிள்ளுவார். "மொளகாய் இல்ல. அது நாக்குல நிக்கும். இது நாக்குல நிக்காம நேரா மூக்குக்குப் போவுது."

"அப்பறம்?"

"அப்பறம்... முள்ளங்கி பச்சையாத் தின்னா வருமே, அப்பிடி ஒரு வாட."

இப்படித்தான் தொடங்கியது. மார்கழியில், "இன்னிக்குக் காரம் கூடியிருக்கு. பனி விழுந்துச்சுல்ல" என்று அவராகவே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பூ பூத்தபோது ஒன்றை எனக்குக் கொடுத்து, "காம்போட கடி, அடியில தேன் மாதிரி இருக்கும்" என்றார். இருந்தது. கட்டுமாவடிக்காரியான எனக்கு ருசி சொல்லிக்கொடுக்கிறார், பாருங்கள்.

ஒருநாள் அக்காவே ஓர் இலையை மென்றார். நின்ற இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ருசி தெரியுதா?" என்று அண்ணன் பதறிக்கொண்டு கேட்டார்.

"ருசி தெரியலங்க. ஆனா சுர்ருன்னு ஏறுது" என்று அக்கா சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னோர் இலையைப் பறித்தார். "எவ்ளோ நாளாச்சு, வாய்ல ஒண்ணு பட்டுச்சுன்னு தெரிஞ்சு."

கிழங்கு வெட்டிய பிறகுதான் அந்த வீட்டில் நான் மறக்க முடியாத ஒரு சாப்பாடு நடந்தது. தை கடைசியில் அண்ணன் சாக்கைக் கவிழ்த்தார். மொத்தமே ஒரு கிண்ணம். எல்லாம் சுண்டுவிரல் தடிமன். விதைக்குக் கொஞ்சம் எடுத்துவைத்துவிட்டு மீதியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டார்.

அக்கா பச்சையாக ஒன்றை நுனியில் கடித்துப் பார்த்தார். சுள்ளென்று பிடித்தது. கருணைக்கிழங்கு நாக்கை அரித்தால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? அதைத்தான் அக்காவும் செய்தார். அரிசி கழுவிய தண்ணீரில், புளியைக் கரைத்து ஊற்றி, கொதிக்கக் கொதிக்க வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டி, பிறகு மண்டி வைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சரியாகத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். காறுகிற கிழங்கை வேறு எப்படிச் செய்வது?

மத்தியானம் அண்ணன் உட்கார்ந்தார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு, அந்த வீட்டில் நடக்காதது நடந்தது. கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எப்பிடி இருக்கு?" என்று அக்கா கேட்டார், பழக்கத்தில்.

"நல்லா இல்ல."

அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, திட்டு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி, ஆனால் நிறுத்தாமல் சொன்னார்.

"காரம் பூராப் போச்சு. பச்சையில மூக்குல ஏறுச்சுல்ல, அது ஒரு துளிகூட இல்ல. வெறும் மாவா இருக்கு, லேசா இனிக்குது. அதுக்குப் புளி சேரல, தனியா நிக்குது. உப்பு சரியா இருக்கு. இத வேக வச்சிருக்கக் கூடாது. நீ கருணைன்னு நெனச்சுட்ட."

சொல்லி முடித்துவிட்டு, தட்டை எடுத்துவிடுவார்களோ என்கிற மாதிரி இடது கையால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத?"

"எல்லாத்தையுந்தான். புளி என்ன பண்ணுது?"

விதைக்கு வைத்ததில் ஒன்றை எடுத்து அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து மூன்று பேரும் அன்றைக்கே தின்றோம். மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். அதுதான் அந்தக் கிழங்கைச் சாப்பிடுகிற முறை என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் அண்டா நிமிர்ந்தது. முட்டிவலி சரியாகிவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். சமையல் உள்ள நாளில் அண்ணன் சவாரிக்குப் போக மாட்டார். அடுப்புப் பக்கத்தில் தோளில் துண்டோடு நின்று, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "மல்லி கொஞ்சம் தூக்கலு", "புளிய இன்னும் கொதிக்க விடு" என்று சொல்வார். தொடக்கத்தில் தப்பும் சொன்னார். போகப்போகத் தப்பு குறைந்தது. பாத்திரம் தூக்க வந்தவர்கள், வீட்டுக்காரி கையை நம்பாமல் கூடவே நிற்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி அந்த ஊரை விட்டு வந்தேன். போன வருடம் என் மகளுக்குக் காதுகுத்து. கட்டுமாவடியில் எங்கள் வீட்டில்தான். வேறு யாரைக் கூப்பிடுவேன்? வேனில் அண்டாவோடு இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். எனக்கென்று அண்ணன் ஒரு பையில் கொஞ்சம் கிழங்கு கொண்டுவந்திருந்தார். உப்புக்காற்றுக்கு வராது, நடாதே, தின்றுவிடு என்றார்.

கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தண்ணீர்க் கேன் எடுக்கப் போயிருந்தார். நான் அக்காவின் பக்கத்தில் நின்றிருந்தேன். குழம்பில் எழுந்த ஆவியை அக்கா கையால் முகத்துக்கு அள்ளி இழுத்தார். "சோம்பு கொஞ்சம் தீஞ்ச வாட வருது. அந்த அடுப்பத் தணி" என்று உதவிக்கு வந்த பெண்ணிடம் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, வாடையா?"

அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"வந்து ரொம்ப நாளாச்சுடி. மொதல்ல வாசன வந்துச்சு, அப்பறம் உப்பு, புளி, எல்லாம்."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"சொல்லல."

"ஏன்க்கா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எப்பிடி இருக்கு, எப்பிடி இருக்குன்னு கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன். இப்பத்தான் அந்த மனுசன் வாயத் தொறக்குறாரு. எனக்கு நாக்கு வந்துருச்சுன்னு தெரிஞ்சா, நல்லதாப் போச்சுன்னு சொல்லிட்டு மறுபடியும் வாய மூடிக்கிருவாருடி."

அதற்குள் அண்ணன் கேனோடு வந்துவிட்டார். கேனை இறக்கி வைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"உப்பு ஒரு இணுக்குப் போடணும்."

அக்கா உப்பு டப்பாவுக்குள் கையை விட்டு, மூடிய கையோடு வெளியே எடுத்து, அண்டாவுக்கு மேலே நீட்டி விரல்களை விரித்து உதறினார். நான் நேர் எதிரே நின்றேன். கையில் ஒரு கல் உப்புக்கூட இல்லை. பிறகு கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட்டார்.

அண்ணன் மறுபடியும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். "ஆங், இப்பச் சரி" என்றார். அத்தோடு விடவில்லை. "மொளகு முன்னால வருது, பாத்தியா? சோம்பு கடைசியிலதான் தெரியுது, அதுவும் லேசா. எலும்புச் சாறு நல்லா எறங்கியிருக்கு. இந்த ஊருத் தண்ணியில கொஞ்சம் உப்பு இருக்கும்போல, அது அடியில நிக்குது, ஆனா கெடுதல் இல்ல. போன மாசம் வச்சதுக்கு இது எவ்வளவோ மேலு. நான் சொல்றது சரிதான?"

அக்கா குனிந்து விறகைப் பின்னுக்கு இழுத்தபடி, "ம்" என்றார்.